நாற்பத்திரண்டு மணி நேரம்

ஏப்ரல் 4

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் அப்பாவை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வங்கியில் வரிசையில் நின்றவரிடம், கையில் கட்டியிருந்த கடிகாரத்தை விற்பீர்களா என்று கேட்டீர்களாம். அன்று வீட்டுக்கு வந்து அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "லிஃப்டைப் பாக்க வந்த ஆளு என் மணிக்கட்டையே வெறிச்சுப் பாத்துட்டு நிக்கிறாரு. பொண்ணு பாக்க வந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்!"

அப்பா பிப்ரவரியில் இறந்துவிட்டார். கடிகாரப் பெட்டியைத் திறந்தபோது நீங்கள் கொடுத்த விலாச அட்டை உள்ளே இருந்தது. பின்புறம் அவர் கையெழுத்தில் ‘எனக்கப்புறம் இவருக்கு’ என்று எழுதியிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். போனில் விலை பேசி எனக்குப் பழக்கமில்லை.

அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். ஊரே அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடும். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே ஆடம்பரம் இந்தக் கடிகாரம். கரும்பச்சை டயல், ஸ்டீல் செயின், மூன்று மணி இருக்க வேண்டிய இடத்தில் தேதி. வாங்கிய ரசீதும் பெட்டியும் இருக்கின்றன. என் தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். "வித்துடுக்கா, அதப் பாத்தா எனக்குத் தாங்காது" என்கிறான்.

நன்றாக ஓடுகிறது. அதற்கு நானே சாட்சி. அப்பா தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பு, ஒரு நொடியில் முடிந்திருக்கும், அவருக்கே தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். வெள்ளிக்கிழமை காலைதான் கீழ்வீட்டு டீச்சர் சந்தேகப்பட்டு ஆள் கூப்பிட்டுக் கதவை உடைத்திருக்கிறார். காவல் நிலையத்தில் அன்று பதினொரு மணிக்குக் கடிகாரத்தை ஒரு உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தோடு ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. தேதி 21 என்று சரியாகக் காட்டியது. மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு என் தையல் கடைக் கட்டிங் டேபிள் மேல் நின்றுவிட்டது. ஆட்டினால் மறுபடி ஓடுகிறது.

வேண்டுமென்றால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கேப்டன் மகள்


ஏப்ரல் 9

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முதலில் என் அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால், கரும்பச்சை டயல் என்ற வரிக்கு வந்தபோது என் மனம் துள்ளியது. ஒருவர் இறந்த செய்திக்கு நடுவில் அப்படித் துள்ளியதற்கு வெட்கப்படுகிறேன்.

நான் லிஃப்ட் ஆய்வாளர். ரிப்பேர் செய்பவன் இல்லை. ரிப்பேர் செய்தது சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன். அன்று அந்த வங்கியின் லிஃப்டைப் பார்க்க வந்திருந்தேன். கேப்டன் கையை நீட்டியபோது சட்டைக் கஃப் மேலேறியது. அவ்வளவுதான், வந்த வேலை மறந்துவிட்டது. அந்தப் பச்சை டயலைப் பதினான்கு மாதங்கள் மட்டுமே செய்தார்கள். பதினொரு வருடமாகத் தேடுகிறேன். என்னிடம் முப்பத்தொரு கடிகாரங்கள் இருக்கின்றன. அது இல்லை. "நான் செத்ததும் என் பொண்ணுகிட்டக் கேளுங்க சார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

சில விவரங்கள் தேவை. தொழில் புத்தி, மன்னிக்கவும். பின்மூடியை யாராவது திறந்திருக்கிறார்களா? கேப்டன் தினமும் கட்டுவாரா, விசேஷங்களுக்கு மட்டுமா? தண்ணீரில் நனையுமா? உங்கள் கைக்கு வரும் முன் யாராவது பக்கத்துக் குமிழைத் திருகி நேரத்தைச் சரிசெய்தார்களா? இது சாவி கொடுக்காமல் கை அசைவிலேயே ஓடும் கடிகாரம். தயவுசெய்து ஆட்டாதீர்கள். ஓட வேண்டுமென்றால் கையில் கட்டிக்கொள்ளுங்கள், போதும்.

விலையை நீங்களே சொல்லுங்கள். பேரம் பேச மாட்டேன். மே முதல் வாரம் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லிஃப்ட் ஆய்வாளர்


ஏப்ரல் 15

ஐயா அவர்களுக்கு,

பள்ளிக்கூடம் திறக்கும் முன் சீருடை தைத்து முடிக்க வேண்டும். நானூறு அரைக்கால் சட்டை வெட்டியாக வேண்டும். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பின்மூடியைத் திறந்ததில்லை. தினமும் கட்டுவார் என்பதென்ன, கழற்றவே மாட்டார். குளிக்கும்போதும் கையில், தூங்கும்போதும் கையில். அம்மா இருந்த காலத்தில் "அத ஒண்ணுதான் நீங்க கட்டிக்கிட்டீங்க, என்னைக் கட்டுனது மறந்தே போச்சு" என்பாள். நேரத்தை யாரும் தொடவில்லை. இதைக் காவல் நிலையத்தில் குறிப்பாகச் சொன்னார்கள். கையிலிருந்து கழற்றினோம், உறையில் போட்டோம், வேறெதுவும் செய்யவில்லை என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

வேறு கேள்வி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அப்பாவின் பொருளை வாங்கப் போகிறவர் என்பதால் சொல்லத் தோன்றுகிறது. அப்போது எனக்கும் அவருக்கும் இரண்டு மாதமாகப் பேச்சில்லை. கடைக்கு மேலே இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டேன். "உன் தையல் மெஷின் சத்தத்துல நான் சீக்கிரம் செத்துடுவேன்" என்றார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. என்னிடமிருந்த அவர் வீட்டுச் சாவியை அவர் மேசையிலேயே எறிந்துவிட்டு வந்தேன். அப்புறமும் ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் அவருடைய மாத்திரையும் சாப்பாடும் கொண்டுபோவேன். சங்கிலி மாட்டிய கதவு இடுக்கு வழியே பையை வாங்கிக்கொள்வார். பேச மாட்டார்.

அந்த வாரமும் செவ்வாய்க்கிழமை போனேன், நாலு மணிக்கு. மூன்று தடவை மணி அடித்தேன். திறக்கவில்லை. வீம்பு முற்றிவிட்டது என்று நினைத்தேன். "திறக்காட்டா போங்க. இனிமே நான் வரல" என்று கதவைப் பார்த்துக் கத்திவிட்டு, பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். இதைக் கேட்டுவிட்டு, அவர் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டார் என்று டாக்டர் சொன்னபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இல்லாத ஆளிடம்தான் கத்தியிருக்கிறேன். அது ஒரு ஆறுதல்.

மே 3 சனிக்கிழமை வாருங்கள். அன்று கடையில் கூட்டம் குறைவு.

கேப்டன் மகள்


ஏப்ரல் 24

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். நான் இந்தக் கடிகாரத்தை வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். எனக்கு ஓய்வுபெறும் வயது நெருங்குகிறது. இருப்பதே அதிகம். புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

குடும்பப் பொருள் குடும்பத்திலேயே இருப்பதுதான் நல்லது. பெட்டியில் வைத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். கடைகளில் காட்ட வேண்டாம். தேவையில்லாமல் எதையாவது சொல்வார்கள்.

உங்களை அலைக்கழித்ததற்கு வருந்துகிறேன்.

லிஃப்ட் ஆய்வாளர்


ஏப்ரல் 29

ஐயா,

பதினொரு வருடம் தேடினேன் என்றவர் பதினைந்து நாளில் வேண்டாம் என்கிறீர்கள். ஓய்வுபெறும் வயது ஏப்ரல் 9-க்கும் 24-க்கும் நடுவில் திடீரென்று வந்துவிட்டதா?

நான் துணி வெட்டுகிறவள். வாடிக்கையாளர் மனசு மாறுவது எனக்குப் புதிதில்லை. பட்டன் பிடிக்கவில்லை என்பார்கள், கலர் பிடிக்கவில்லை என்பார்கள். உண்மையில் வேறு கடையில் குறைவாகக் கேட்டிருப்பார்கள். அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். உங்களிடம் அப்படியும் ஒன்றும் தெரியவில்லை. விலையை நீங்களே சொல்லுங்கள் என்றீர்கள். நான் இன்னும் சொல்லக்கூட இல்லை.

எனக்குத் தோன்றுவது இரண்டு. ஒன்று, கடிகாரம் போலி என்று நான் எழுதிய விவரத்திலிருந்து உங்களுக்குத் தெரிந்துவிட்டது. என் அப்பா ஏமாந்தார் என்று சொல்ல மனமில்லாமல் நழுவுகிறீர்கள். இல்லையென்றால், கதவைப் பார்த்துக் கத்திய கதையை நான் எழுதியிருக்கக் கூடாது. இப்படிப்பட்ட மகளிடம் எதற்கு வியாபாரம் என்று நினைத்துவிட்டீர்கள். இரண்டாவதுதான் என்றால் நேராகவே எழுதியிருக்கலாம். கேட்டுக்கொள்கிற அளவுக்கு எனக்குத் தெம்பு இருக்கிறது.

கடைகளில் காட்ட வேண்டாம் என்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது. அடுத்த வாரம் கடைவீதியில் கடிகாரக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டப் போகிறேன். போலியா அசலா என்று அவர் சொல்லட்டும்.

தம்பியிடம், வாங்க ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு இப்போது நான் என்ன சொல்ல?

கேப்டன் மகள்


மே 5

அம்மா அவர்களுக்கு,

அவசர அஞ்சலில் அனுப்புகிறேன். கடைக்குப் போகாதீர்கள்.

கடிகாரம் அசல். சந்தேகமே இல்லை. வங்கியில் அவர் கையைப் பிடித்து உற்றுப் பார்த்திருக்கிறேன். எந்த அலுவலகத்தில் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் அப்பா ஏமாறவில்லை.

உங்களைப் பற்றித் தவறாக நினைத்தேன் என்பதும் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி எழுதியதற்காக உங்கள்மேல் மரியாதைதான் வந்தது. எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், சேகரிப்பவர், நல்ல மனிதர். அவரை உங்களிடம் அனுப்புகிறேன். அவர் வாங்கிக்கொள்வார். அதுவரை யாரிடமும் காட்டாமல் வைத்திருங்கள். காரணம் கேட்காதீர்கள். வயதில் மூத்தவன் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் ஆய்வாளர்


மே 8

உங்கள் அவசர அஞ்சல் நேற்று மதியம் வந்தது. நான் காலையிலேயே கடைக்குப் போய் வந்துவிட்டேன்.

கடிகாரக்காரருக்குப் பெரிய வயதில்லை. கண்ணில் அந்தக் கண்ணாடியைச் சொருகிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். "அசல்தாங்க்கா. ராஜா மாதிரி இருக்கு" என்றார். உள்ளே அரைவட்டமாக ஒரு தகடு ஆடியது. இது எதற்கு என்று கேட்டேன். பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"கை அசையும்போது இது சுத்தும்க்கா. சுத்தச் சுத்த உள்ள சுருள் முறுக்கிக்கும். அதுலதான் ஓடுது."

"கழட்டி வச்சா?"

"நாப்பத்திரண்டு மணி நேரம் ஓடும். புதுசா இருந்தாலே அதான் கணக்கு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஓடாது."

"அஞ்சு நாள் ஓடுமா?"

சிரித்தார். "அஞ்சு நாளா? யாராவது கட்டியிருந்தாத்தான்."

நின்றுபோய், பிறகு தூக்கும்போது ஆடி மறுபடி ஓடியிருக்கலாமா என்றும் கேட்டேன். "ஓடலாம். ஆனா நின்ன நேரத்துல இருந்துதானே ஓடும்? மணியும் தேதியும் சரியாக் காட்டாதே" என்றார்.

கடைக்கு வந்து, வெட்ட வைத்திருந்த நீலத்துணி மேல் சாக்பீஸால் எழுதிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவை உடைத்தார்கள். அதிலிருந்து நாற்பத்திரண்டு மணி நேரம் பின்னால் போனால் புதன்கிழமை மதியம் மூன்று. மூன்று தடவை எண்ணினேன். தையல்காரப் பெண்கள் என்னக்கா அளவு இது என்று கேட்டார்கள். அந்தத் துணியை அப்படியே சுருட்டி மூலையில் போட்டுவிட்டேன்.

புதன்கிழமை மூன்று மணி வரைக்கும் அவர் கை அசைந்திருக்கிறது. நான் போனது செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு.

அவர் கிடந்தது கூடத்தில். கதவிலிருந்து எட்டடிகூட இருக்காது.

உங்களுக்கு இது ஏப்ரல் மாதமே தெரியும். என் கடிதத்தைப் படித்துவிட்டு, எனக்குத் தெரியாததைத் தெரிந்துகொண்டு, ஓய்வுபெறும் வயது, வீட்டில் சொல்லிவிட்டேன் என்று கதை விட்டீர்கள். என் அப்பாவைப் பற்றி எனக்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொள்ள நீங்கள் யார்? எனக்கு எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்று முடிவு செய்ய உங்களுக்கு யார் கையெழுத்து அதிகாரம் கொடுத்தது?

இப்போது சொல்லுங்கள். நான் கத்தியது அவருக்குக் கேட்டிருக்குமா? நினைவோடு இருந்திருப்பாரா? பொய் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும். உங்களுக்குப் பொய் சொல்ல வராது.


மே 17

அம்மா அவர்களுக்கு,

நீங்கள் போட்ட கணக்கு சரி. அதை மறுக்க ஒரு வழியும் இல்லை. ஒரு மாதமாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

கேட்ட இரண்டு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியாது. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். கை அசைந்தது என்பதைத்தான் கடிகாரம் சொல்கிறது. நினைவோடு அசைந்ததா, நினைவில்லாமல் அசைந்ததா என்று அதற்குத் தெரியாது. மயக்கத்தில் கிடப்பவர்களும் கையை அசைப்பார்கள். நினைவு இல்லாமல் இருந்திருக்கலாம். இருந்தும் இருக்கலாம். இதற்கு மேல் சொன்னால் பொய்.

டாக்டருக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அவரும் என்னைப் போலத்தான் செய்திருப்பார்.

நான் ஏன் பொய் சொன்னேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மரச்சாமான் கிடங்கின் சரக்கு லிஃப்டில் விபத்து. விடுமுறை நாள். லிஃப்ட் குழிக்குள் இறங்கிய மெக்கானிக் மேல் பெட்டி இறங்கிவிட்டது. உடனே போயிட்டார் என்று அவர் மனைவியிடம் சொல்லியிருந்தார்கள். நான் குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் ஸ்பேனரால் தட்டிய தடங்கள் இருந்தன. எண்ணினேன். எண்ணுவதுதான் என் வேலை. நான்கு மணி நேரமாவது உயிரோடு இருந்திருக்கிறார் என்று அறிக்கையில் எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா அறிக்கையின் நகலோடு என் அலுவலகத்துக்கு வந்தார். அழவில்லை. "இத எழுதாம விட்டிருந்தா யாருக்கு சார் என்ன குறைஞ்சிருக்கும்?" என்று கேட்டார். விதி அப்படிம்மா என்றேன். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த அறிக்கைக்குப் பிறகு எங்கள் பகுதியில் எல்லா லிஃப்ட் குழியிலும் நிறுத்தும் பட்டன் வைத்தார்கள். அதனால் நான் எழுதியது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது. உங்கள் அப்பா விஷயத்தில் இந்த உண்மையை வைத்துக்கொண்டு எதைச் சரிசெய்ய முடியும் என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

என்னை நல்லவனாக நினைத்துவிடாதீர்கள். உங்கள் முதல் கடிதத்தில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. டயலை மட்டும்தான் பார்த்தேன். நேரத்தை யாராவது சரிசெய்தார்களா என்று கேட்டது வழக்கமாக எல்லாரிடமும் கேட்கும் கேள்வி. இரண்டாவது கடிதம் வந்தபோது ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், மோட்டார் அறையில் இருந்தேன். டீயைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தேன். அதற்கப்புறமும் மூன்று நாள், பேசாமல் வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கடிகாரம் என்னிடம் வந்துவிட்டால் ரகசியமும் என்னோடு போய்விடும், உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது என்று. அலமாரியில் இடம்கூட ஒதுக்கிவிட்டேன். நாலாம் நாள் காலை, தினமும் போல ஒரு கடிகாரத்தை எடுத்துக் கட்டினேன். கையைத் திருப்பும்போது உள்ளே அந்தத் தகடு சுற்றுவது தோலுக்குத் தெரியும். இருபது வருடமாக எனக்குப் பிடித்த விஷயம் அதுதான். அன்று உடனே கழற்றி வைத்துவிட்டேன். கேப்டனின் கடிகாரத்தை என்னால் கட்ட முடியாது என்று அப்போது தெரிந்துவிட்டது. என் முப்பத்தொன்றில் இருபத்தாறு, முன்பு யாரோ கட்டியிருந்தவை. பெட்டி இருக்கிறதா, ரசீது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். யார் கையிலிருந்து எப்படிக் கழற்றினார்கள் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை.

கடைக்குப் போக வேண்டாம் என்று நான் எழுதாமல் இருந்திருந்தால் நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். அதற்கு என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

லிஃப்ட் ஆய்வாளர்


ஜூன் 26

ஐயா அவர்களுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாக உங்களுக்கு எழுதவில்லை. முதலில் கோபம். அப்புறம் எழுத எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் நாலு மணி ஆனால் கத்தரியைக் கீழே வைத்துவிடுகிறேன்.

அந்த டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அன்னைக்கு உங்ககிட்ட என்ன சொன்னேனோ, அதையேதான் இன்னைக்கும் சொல்வேன்மா" என்றார். அவரோடு சண்டை போடத்தான் போயிருந்தேன். முடியவில்லை. வெளியில் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

போன வாரம் தம்பி வந்தான். அப்பா வீட்டைக் காலி செய்தோம். உடைத்த கதவுக்குப் பதிலாக வீட்டுக்காரர் புதுக்கதவு போட்டிருந்தார். வெறும் கதவுதான், ஆனால் எனக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. தம்பி முன்னால் போய் ஜன்னலைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். இரண்டு நாள் துணி, பாத்திரம், அப்பாவின் படகுச் சான்றிதழ்கள் எல்லாம் கட்டினோம். கடைசிப் பெட்டியில் கயிறு போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டான். வந்ததிலிருந்து கேட்காமல் வைத்திருந்திருக்கிறான்.

"அக்கா, அப்பா கஷ்டப்படலையே?"

நான் நிமிராமலே சொன்னேன். "இல்லடா. ஒரு நொடி. அவருக்கே தெரிஞ்சிருக்காது."

"ஞாயித்துக்கிழமையேதானே?"

"ஞாயித்துக்கிழமையே."

அவன் தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதான். நாலு மாதமாக அழாதவன். அழுது முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தான். கொஞ்சம் லேசான முகமாக இருந்தது. நான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். கொடுக்கும்போது உங்கள் ஏப்ரல் 24 கடிதம் ஞாபகம் வந்தது. அந்தக் கடிதத்துக்காக உங்களை என்னவெல்லாம் எழுதினேன். அதில் ஒரு வார்த்தையையும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவனிடம் நானும் அதையேதான் செய்தேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

பிறகு கடிகாரத்தைப் பற்றிக் கேட்டான். மனசு மாறிவிட்டதாம், தனக்கு வேண்டுமாம், கட்டிக்கொள்வானாம். அவன் இருக்கும் ஊரில் கடிகாரக்காரர்கள் இல்லாமலா இருப்பார்கள்? செயினைச் சரிசெய்ய ஒரு கடைக்குப் போனால் போதாதா? "அந்த லிஃப்ட்காரர் வந்து வாங்கிட்டுப் போயிட்டார்டா" என்றேன்.

"நல்லா வச்சுப்பாரா?"

"நல்லா வச்சுப்பார். பதினொரு வருஷமா தேடினவராம்."

நேற்று அவன் ஊருக்குப் போய்விட்டான்.

இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் கடிகாரம் இருக்கிறது. பெட்டி, ரசீது, நீங்கள் கொடுத்த அட்டை எல்லாம் உள்ளே வைத்திருக்கிறேன். பணம் எதுவும் அனுப்ப வேண்டாம். வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். உங்களுக்கு இது வேண்டாம் என்று தெரியும். எனக்கும் வேண்டாம். தூக்கிப் போடவும் கை வரவில்லை. கட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. அலமாரியில் ஒதுக்கிய இடம் இன்னும் காலியாக இருந்தால் அங்கே வைத்துவிடுங்கள். தம்பி என்றைக்காவது உங்களுக்கு எழுதினால், இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்று பதில் போடுங்கள்.

அவனிடம் இரண்டு பொய் சொல்லியிருக்கிறேன். இது ஒன்றையாவது மெய்யாக்கிவிடுகிறேன்.

கேப்டன் மகள்